மெரெட் போகவில்லை, சரியா தவறா? ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) டிரேட், டிராஃப்ட், சம்பள வரம்பு பற்றிய விவாத இழை

சிவப்புப்பட்டை எழுதியது:

2025இன் டிரேட் காலம் (கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் நாட்கள்) முடிந்துவிட்டது. கடைசி மணி வரை எசெண்டன் ரசிகர்கள் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஸாக் மெரெட் எங்கள் கேப்டன். 2027 கடைசி வரை ஒப்பந்தம் இருக்கிறது. அப்படி இருந்தும் "ஹாத்தோர்னுக்குப் போகிறேன்" என்றார். ஹாத்தோர்ன் முதல் சுற்றுப் பிக்குகள் அடங்கிய ஒரு பொதியை நீட்டியது. எங்கள் கிளப் "போதாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டது.

இந்த அக்டோபரில் மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கார்ல்டனின் சார்லி கர்னோ சிட்னிக்கு, மெல்போர்னின் கிறிஸ்டியன் பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்கு, கிளேட்டன் ஆலிவர் ஜி.டபிள்யூ.எஸ்ஸுக்கு (மேற்கு சிட்னி கிளப்). மூவருக்கும் வருடக்கணக்கில் ஒப்பந்தம் பாக்கி இருந்தது. அதில் ஆலிவருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை மெல்போர்னே தொடர்ந்து கொடுக்கப்போகிறது. மெரெட் மட்டும்தான் நின்றுவிட்டார்.

என் கட்சி இதுதான். கிளப் ஒரு வீரரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு ஊருக்கு அனுப்ப முடியாது, அது ஏ.எஃப்.எல். விதி. அப்படியென்றால் வீரரும் கிளப்பின் சம்மதம் இல்லாமல் போக முடியாது என்பதுதானே நியாயம்? கையெழுத்து ஒரு பக்கத்தை மட்டும் கட்டுமா? எசெண்டன் செய்தது சரி என்கிறேன். அடுத்த வருடம் அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாலும் சரி.

சண்டைக்கு வரலாம்.

---

வெர்ரிபீ_புதுசு எழுதியது:

மெல்போர்ன் வந்து அதிக நாள் ஆகவில்லை. அலுவலகத்தில் பத்து நாளாக இதே பேச்சு. பிக் என்கிறார்கள், கேப் என்கிறார்கள், "எதிர்கால இரண்டாம் சுற்று" என்கிறார்கள். ஐ.பி.எல். ஏலம் மாதிரி காசு கொடுத்து எடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? யாராவது முதலிலிருந்து சொல்லுங்களேன்.

---

மாக்பை_மாமா எழுதியது:

தம்பி, காசு கொடுத்து எடுக்க ஏலாது. அதுதான் இந்த விளையாட்டின் முதல் விசயம். ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்கு வீரருக்காகப் பணம் கட்டுகிற வழக்கம் இங்கே இல்லை. வீரருக்கு வீரர், இல்லாவிட்டால் டிராஃப்டில் ஓர் இடம். அந்த இடத்துக்குப் பெயர்தான் பிக்.

டிராஃப்ட் நவம்பரில் நடக்கும். கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், சம்பியன் கடைசியில் எடுக்கும். பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது. யார் கூப்பிடுகிறார்களோ அங்கே போகவேண்டும். பேர்த் என்றால் பேர்த். ஆரம்பச் சம்பளம் வீரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி முன்பே முடிவானது, பேரம் கிடையாது. ஐ.பி.எல். ஏலத்தில் பையன் ஒரே இரவில் கோடீஸ்வரன் ஆகலாம். இங்கே முதல் பிக்காக வந்தாலும் ஆரம்பத்தில் அளவான சம்பளம்தான்.

சம்பள வரம்பு என்பது ஒரு கழகம் தன் வீரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை. 1987இல் அது 12.5 லட்சம் டாலர். ஒரு கழகத்தின் முழுப் பட்டியலுக்கும்! இன்றைக்கு ஒரு நட்சத்திர வீரரின் ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மேலே வரம்பு இருப்பது போலக் கீழேயும் உண்டு, வரம்பில் 95 வீதமாவது கட்டாயம் செலவழிக்கவேண்டும். அதனால் ஏழைக் கழகமும் "எங்களிடம் காசு இல்லை" என்று வீரரின் வயிற்றில் அடிக்க முடியாது.

2015இலிருந்து அடுத்த வருடத்துப் பிக்கையும் இன்றே விற்கலாம். உங்கள் அலுவலகத்தில் சொல்லும் "எதிர்கால இரண்டாம் சுற்று" அதுதான்.

---

பேர்த்_பருந்து எழுதியது:

//கையெழுத்து ஒரு பக்கத்தை மட்டும் கட்டுமா?//

அண்ணா, கட்டுகிற கதையை நடுவிலிருந்து தொடங்குகிறீர்கள். பதினெட்டு வயதில் அந்தப் பையனிடம் யாரும் "எங்கே போக விருப்பம்" என்று கேட்கவில்லை. ஹார்லி ரீட் விக்டோரியாவில் டொங்காலா என்ற சின்ன ஊர்ப் பையன். 2023இல் முதல் பிக். மறுநாளே வாழ்க்கை பேர்த்தில். எங்கள் வெஸ்ட் கோஸ்ட் கிளப்புக்கு அதிர்ஷ்டம், இந்த ஆண்டு ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்கு முன் இரண்டு வருடம் மெல்போர்ன் பத்திரிகைகள் "எப்போது வீட்டுக்கு வருவான்" என்று வாரா வாரம் எழுதித் தள்ளின.

மெரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 டிராஃப்டில் 26ஆம் பிக். அந்த வருடம் எசெண்டனின் முதல் பிக்கே அதுதான், ஏனென்றால் ஊக்கமருந்து விவகாரத்தில் உயர்ந்த பிக்குகளைப் பறித்துவிட்டார்கள். அப்படி எரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் வந்தவர். எசெண்டன் கடைசியாக ஒரு ஃபைனல்ஸ் (இறுதிச் சுற்று) ஆட்டத்தை வென்றது 2004இல். மனுஷன் முப்பதைத் தொட்டுவிட்டார். ஒரு கோப்பைக்கு ஆசைப்படக்கூடாதா?

---

சிவப்புப்பட்டை எழுதியது:

ஆசைப்படட்டும். 2027 வரை கையெழுத்து வாங்க யாரும் துப்பாக்கி காட்டவில்லையே. எட்டு வருடம் ஒரே கிளப்பில் இருந்தால் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம். ஒப்பந்தம் முடிகிற வருடத்தில் சத்தம் போடாமல் போயிருக்கலாம். நீண்ட ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் வேண்டும், நினைத்த நேரத்தில் கிளம்பும் சுதந்திரமும் வேண்டும் என்றால் எப்படி?

2004 பற்றிப் பேசாதீர்கள். வலிக்கிறது.

---

மாக்பை_மாமா எழுதியது:

இந்தச் சம்மதம் என்ற விசயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சண்டை கொஞ்சம் தெளியும்.

ஏ.எஃப்.எல்லுக்கு முன்பிருந்த விக்டோரிய லீக், அந்தப் பழைய வி.எஃப்.எல். காலத்தில் டிராஃப்ட் கிடையாது, வலயம்தான். நீ எந்தத் தெருவில் வளர்ந்தாயோ அந்த வலயத்துக் கழகத்துக்குத்தான் நீ சொந்தம். நல்ல நாட்டுப்புற வலயம் கிடைத்த கழகம் கொழித்தது, மற்றது காய்ந்தது. சம்பளத்துக்கும் 1930இலேயே ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். கூல்டர் சட்டம் என்று பெயர், ஓர் ஆட்டத்துக்கு மூன்று பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. சட்டம் வந்த அன்றே மேசைக்குக் கீழே காசு கைமாறத் தொடங்கியது. ஹேடன் பன்டனுக்கு ஃபிட்ஸ்ராய் இரகசியமாகக் கொடுத்த பணம் வெளியே வந்து, அவரை அந்த வருடம் முழுக்க ஆடவிடவில்லை. பிறகு வந்து லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை மூன்று தடவை வாங்கினார் என்பது வேறு கதை.

1972இல் பத்து வருட விதி என்று ஒன்று வந்தது. பத்து வருடம் ஆடியவர் விரும்பிய கழகத்துக்குப் போகலாம். நோர்த் மெல்பேர்ண் உடனே டக் வேட், பாரி டேவிஸ், ஜோன் ரான்டல் மூவரையும் அள்ளியது. மற்றவர்கள் அலறினார்கள், விதி சீக்கிரமே ஒழிந்தது. ஆனால் 1975இல் நோர்த் தன் முதல் கோப்பையைத் தூக்கியது.

முக்கியமான ஆள் சில்வியோ ஃபோஸ்கினி. சவுத் மெல்பேர்ண் கழகம் 1982இல் சிட்னிக்கு இடம்பெயர்ந்தது. "நான் வரமாட்டேன், செயின்ட் கில்டாவுக்கு ஆடுகிறேன்" என்றார். லீக் விடவில்லை. அவர் விக்டோரிய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1983இல் தீர்ப்பு, இந்த வலயமும் அனுமதிப் பத்திரமும் தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று. லீக்குக்கு அடிவயிறு கலங்கியது. வலயம் போய், 1986இல் முதல் டிராஃப்ட் வந்தது.

அதோடு முடியவில்லை. ரக்பி லீக்கும் சிட்னியில் ஒரு டிராஃப்ட் வைத்துப் பார்த்தது. 1991இல் வீரர்கள் வழக்குப் போட்டு ஃபெடரல் நீதிமன்றத்தில் அதை உடைத்துவிட்டார்கள். இன்றுவரை அங்கே டிராஃப்ட் இல்லை. ஆக ஏ.எஃப்.எல். டிராஃப்ட் உயிரோடு இருப்பது வீரர் சங்கம் ஒத்துக்கொள்வதால்தான். சங்கம் அதற்கு வாங்கிய விலைகளில் ஒன்று, "என் சம்மதமில்லாமல் என்னை விற்கக்கூடாது" என்பது. அமெரிக்கக் கூடைப்பந்தில் காலையில் எழுந்து ஃபோனைப் பார்த்தால் நீ வேறு ஊர்க்காரன். இங்கே அது நடக்காது.

---

நீலவெள்ளை எழுதியது:

இவ்வளவு வரலாறும் சரி. எங்களைப் பாருங்கள். கடைசியில் வருபவனுக்கு முதல் பிக், அதனால் எல்லாரும் சுற்றிச் சுற்றி மேலே வருவார்கள் என்றுதானே வாக்குறுதி? நார்த் மெல்போர்ன் 2020இல் 17ஆம் இடம். 2021, 2022இல் 18. 2023, 2024இல் 17. இந்த ஆண்டு 16, அதுவே எங்களுக்கு முன்னேற்றம். எங்கே சுற்றுகிறது சக்கரம்?

2021இல் முதல் பிக்காக ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸை எடுத்தோம். அடிலெய்ட் பக்கத்துப் பையன். ஒரே ஒரு சீசன். "வீட்டுக்குப் போகிறேன்" என்று போர்ட் அடிலெய்டுக்குக் கிளம்பிவிட்டார். பருந்து அண்ணன் அழுகிறாரே, அந்தப் பத்திரிகைத் தொல்லை எங்களுக்கு ஒரே வருடத்தில் நிஜமாகவே நடந்தது.

---

பழைய_ஹாக் எழுதியது:

நீலவெள்ளை, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்குகிறீர்கள். ஹார்ன்-ஃபிரான்சிஸ் போனபோது நான்கு கிளப் சேர்ந்த அந்தப் பெரிய டிரேடில் உங்களுக்குக் கிடைத்த பிக்குகளில்தான் ஹாரி ஷீசலும் ஜார்ஜ் வார்ட்லாவும் வந்தார்கள். ஷீசலை இன்று யாருக்காவது தருவீர்களா? நஷ்டம் என்று சொல்லவே முடியாது.

டிராஃப்ட் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். என்ன செய்கிறோம் என்பது கிளப்பின் கையில். 2001ஐ எடுத்துக்கொள்ளுங்கள், என்னைப் போன்றவர்கள் சாகும்வரை பேசுவோம். ஃப்ரீமேண்டிலிடம் முதல் பிக் இருந்தது. எங்கள் ஹாத்தோர்னிடம் ட்ரென்ட் க்ரோட் என்ற இளம் முன்கள வீரர், நல்ல உயரம், எல்லாருக்கும் செல்லம். க்ரோடையும் லூக் மெக்ஃபார்லினையும் கொடுத்துவிட்டு 1, 20, 36 ஆகிய பிக்குகளை வாங்கினோம். அன்று இங்கே ரசிகர்கள் கொதித்தார்கள். தெரிந்த நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பையனையா வாங்குவது என்று.

முதல் பிக்கில் லூக் ஹாட்ஜ். 36இல் சாம் மிட்செல். ஹாட்ஜுக்கு நான்கு கோப்பை, இரண்டு நார்ம் ஸ்மித் பதக்கம் (இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கு). மிட்செலுக்கும் நான்கு கோப்பை. இப்போது மெரெட்டைக் கூப்பிடும் பயிற்சியாளர் அதே மிட்செல்தான் என்பதைக் கவனிக்கவும். 20ஆம் பிக்கில் எடுத்தவர் நிலைக்கவே இல்லை, அதையும் சொல்லவேண்டும். அப்புறம் க்ரோட் இரண்டு வருடத்தில் எங்களிடமே திரும்பி வந்து 2008 கோப்பையில் ஆடினார்! ஃப்ரீமேண்டிலுக்கு மெக்ஃபார்லின் நன்றாக உழைத்தார், மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஃப்ரீமேண்டில் ரசிகரிடம் இதைப் பேசிப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்.

அதே டிராஃப்டில் மூன்றாம் பிக்கில் கிறிஸ் ஜட் வெஸ்ட் கோஸ்டுக்குப் போனார். ஜீலாங் 8இல் பார்டெல், 17இல் ஜேம்ஸ் கெல்லி, 24இல் ஸ்டீவ் ஜான்சன், தந்தை-மகன் விதியில் 40ஆம் பிக்குக்குக் கேரி அப்லெட். ஒரே ராத்திரியில் ஒரு தலைமுறை அணி. பிக் எண்ணைப் பார்த்து அழுவதை விடுங்கள்.

இப்போது நார்த். போன வருட டிராஃப்ட் இரவில் 27ஆம் பிக்கை ரிச்மண்டிடமிருந்து வாங்க, இந்த 2025க்கான முதல் சுற்றுப் பிக்கையே தூக்கிக் கொடுத்தீர்கள். பதிலுக்கு ஓர் எதிர்கால இரண்டாம் சுற்றும் வந்தது என்று சமாதானம் சொல்லலாம். 17ஆம் இடத்தில் முடித்த கிளப் அடுத்த வருடத்து முதல் சுற்றை விற்பதற்கு ஏ.எஃப்.எல். விதி பொறுப்பா?

---

நீலவெள்ளை எழுதியது:

அந்த 27ஐப் பற்றி நானே எங்கள் ரசிகர் குழுவில் எழுதிய வார்த்தைகளை இங்கே எழுதினால் நெறியாளர் தூக்கிவிடுவார். அதை விடுங்கள்.

தந்தை-மகன் விதி என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு எரிகிறது. அப்பா நூறு ஆட்டம் ஆடிய கிளப்புக்கு மகன். 1949இலிருந்து இருக்கிறது, கேட்க இனிக்கிறது. ஆனால் பிரிஸ்பேன் 2022இல் முதல் நான்கில் முடித்த அணி. அதே நவம்பரில் வில் ஆஷ்க்ராஃப்டை இரண்டாம் பிக்கிலும் ஜாஸ்பா ஃப்ளெட்சரை 12இலும் தந்தை-மகனாக எடுத்தது. ஆஷ்க்ராஃப்டுக்கு ஏலக்குரல் விட்டது நாங்கள்தான்! 2024இல் தம்பி லீவை ஆஷ்க்ராஃப்டும் வந்துவிட்டார். 2024, 2025 இரண்டு கோப்பை, இரண்டு இறுதியாட்டத்திலும் நார்ம் ஸ்மித் வில்லுக்கு. இதற்குப் பெயர் சமன்படுத்தும் ஏற்பாடா?

---

மழைக்காகம் எழுதியது:

அடிலெய்டிலிருந்து வணக்கம். நீலவெள்ளை சொல்வதற்கு எண்ணோடு சாட்சி சொல்ல வந்தேன்.

விதி இப்படி. உங்கள் தந்தை-மகன் பையனுக்கு வேறொரு கிளப் தன் பிக்கில் குரல் விட்டால், அந்தப் பிக்கின் மதிப்புக்கு ஈடாக நீங்கள் புள்ளிகள் கட்டவேண்டும். ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. பழைய அட்டவணையில் முதல் பிக் 3000 புள்ளி, நான்காம் பிக் 2034.

2021இல் காலிங்வுட்டின் நிக் டைகோஸுக்கு நான்காம் பிக்கில் குரல் வந்தது. 2034இல் 20 சதவீதம் தள்ளுபடி போக 1627 சொச்சம். காலிங்வுட் என்ன செய்திருந்தது? அந்த ஆண்டுக்கான முதல் சுற்றுப் பிக்கை ஒரு வருடம் முன்பே விற்றுவிட்டது. கையில் வைத்திருந்தது 38இல் தொடங்கி நாற்பதுகளில் போகும் சில்லறைப் பிக்குகள். 38க்கு 465 புள்ளி, 44க்கு 362. இந்த மாதிரி நான்கைக் கூட்டினால் 1627 தாண்டிவிடும். அந்த நான்கு பிக்கையும் எந்தக் கிளப்பிடம் நீட்டி "உன் நான்காம் பிக்கைக் கொடு" என்று கேட்டாலும் சிரித்துவிட்டு ஃபோனை வைத்திருப்பார்கள். ஆனால் அட்டவணைப்படி அது சமம், தள்ளுபடியோடு சமம். இரண்டு வருடத்தில் 2023 கோப்பை.

எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். 2020இல் எங்கள் அடிலெய்ட் கிளப் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடம். சரி, பட்ட அவமானத்துக்கு முதல் பிக் என்று மனதைத் தேற்றினோம். அந்த வருடத்தின் பெரிய பெயர் ஜமாரா உகல்-ஹேகன், வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அகாடமிப் பையன், அதற்கும் இதே ஈடுகட்டும் விதிதான். நாங்கள் குரல் விட்டோம், அவர்கள் பின் பிக்குகளைக் கொட்டி எடுத்துக்கொண்டார்கள். ஃபைனல்ஸ் ஆடிய அணிக்கு முதல் பிக்! நாங்கள் அடுத்து ரைலி தில்தோர்ப்பை எடுத்தோம், அவர் இன்று எங்கள் முன்களத்தின் தூண், இந்த ஆண்டு பட்டியலில் முதலிடத்தில் முடித்தோம். உகல்-ஹேகன் இந்த மாதம் கோல்ட் கோஸ்டுக்குப் போய்விட்டார். அதிர்ஷ்டம் நம் பக்கம் திரும்பியதால் விதி நல்லதாகிவிடாது.

இந்த வருடத்திலிருந்து அட்டவணையை மாற்றித் தள்ளுபடியைப் பாதியாக 10 சதவீதம் ஆக்கியிருக்கிறார்கள். பின் பிக்குகளின் மதிப்பையும் வெட்டியிருக்கிறார்கள். டைகோஸ் கணக்கு இனி அவ்வளவு மலிவாக வராது.

---

மாக்பை_மாமா எழுதியது:

மழைக்காகம் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் பீட்டர் டைகோஸ் 250 ஆட்டம் எங்கள் காலிங்வுட்டுக்கு ஆடியவர். அவர் மகன் கார்ல்டன் சட்டை போட்டால் நான் தொலைக்காட்சியை விற்றுவிடுவேன். எல்லாவற்றையும் அட்டவணையில் அளந்துகொண்டிருந்தால் இந்த விளையாட்டை எதற்குப் பார்ப்பது? விலையை ஏற்றுங்கள், விதியை எடுக்காதீர்கள்.

---

நெறியாளர்:

ஒரு வீரரின் குடும்பத்தைப் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்.

---

பேர்த்_பருந்து எழுதியது:

பிக் கொடுத்து ஈடுகட்டும் இன்னொரு கூத்தையும் யாரும் தொடவில்லையே. ஃப்ரீ ஏஜென்ட் போனால் இழந்த கிளப்புக்கு லீக்கே ஒரு பிக்கைப் பரிசாகக் கொடுக்கிறது. எடுத்துக்கொண்ட கிளப் ஒன்றும் கட்டவேண்டாம். புதுப் பிக் நடுவில் நுழைவதால் மற்ற எல்லாரும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள்.

2023இல் நார்த்தின் பென் மெக்கே எசெண்டனுக்குப் போனார். நல்ல தடுப்பு வீரர், யாரும் குறை சொல்லவில்லை. அவருக்கு ஈடாக நார்த்துக்குக் கிடைத்தது மூன்றாம் பிக். 2013இல் பட்டி ஃபிராங்க்ளின், அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய முன்கள வீரர், ஒன்பது வருடம், ஒரு கோடி டாலர் என்று சிட்னிக்குப் போனபோது ஹாத்தோர்னுக்குக் கிடைத்தது 19ஆம் பிக். வீரர் எவ்வளவு பெரியவர் என்பதோடு, விட்டுவிட்டு வந்த அணி பட்டியலில் எங்கே கிடந்தது என்பதும் சேர்ந்துதான் பிக்கைத் தீர்மானிக்கிறது. கீழே கிடந்தால் ஈட்டுப் பிக்கும் மேலே வரும்.

எங்களையும் சேர்த்தே சொல்கிறேன். ஆஸ்கார் ஆலன் இந்த மாதம் பிரிஸ்பேனுக்குப் போனார், எங்களுக்கு இரண்டாம் பிக். ஒரே ஓர் ஆட்டம் வென்று கடைசியில் முடித்த சீசனுக்கு நல்ல கூலி.

---

சிவப்புப்பட்டை எழுதியது:

மெக்கேயை வாங்கியது நாங்கள். எங்களால் நார்த்துக்கு மூன்றாம் பிக். தர்மம் தலைகாக்கும் என்று காத்திருக்கிறோம்.

---

வெர்ரிபீ_புதுசு எழுதியது:

அப்போ கடைசியில் முடிப்பதே லாபம் போல இருக்கிறதே? வேண்டுமென்றே தோற்கமாட்டார்களா?

---

பழைய_ஹாக் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மெல்போர்ன் 2009.

அன்றைய விதி, இரண்டு வருடம் தொடர்ந்து ஐந்து ஆட்டத்துக்குக் குறைவாக வென்றால் முதல் சுற்றுக்கு முன்பே ஒரு கூடுதல் பிக். மெல்போர்ன் அந்த வருடம் நான்கு ஆட்டம்தான் வென்றது. ஐந்தாவது வெற்றி வந்துவிடக்கூடாது என்று சில ஆட்டங்களில் ஆட்களை இடம் மாற்றிப் போட்டது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. முதல் இரண்டு பிக்கும் அவர்களுக்கே. டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ்.

மூன்றாம் பிக்கில் ரிச்மண்ட் எடுத்தது யாரைத் தெரியுமா? டஸ்டின் மார்ட்டின். மூன்று கோப்பை, மூன்று நார்ம் ஸ்மித். ஸ்கல்லி இரண்டே வருடத்தில் புதுசாக வந்த ஜி.டபிள்யூ.எஸ்ஸுக்குப் பெரிய சம்பளத்தில் போய்விட்டார். ட்ரெங்கோவை 20 வயதில் கேப்டன் ஆக்கினார்கள், காயங்கள் பையனைத் தின்றுவிட்டன. 2013இல் விசாரணை முடிந்து, "வேண்டுமென்று தோற்றதாக நிரூபணமில்லை" என்று சொல்லிக்கொண்டே ஐந்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். எனக்கு இன்றுவரை புரியாத தீர்ப்பு.

அந்த மாதிரி தானாகக் கிடைக்கும் கூடுதல் பிக் இப்போது இல்லை. லீக் நினைத்தால் உதவிப் பிக் கொடுக்கும், நார்த்துக்குக் கொடுத்த மாதிரி.

---

மழைக்காகம் எழுதியது:

சம்பள வரம்பைப் பற்றி இழைத் தலைப்பில் இருக்கிறது, மாமா விளக்கியதோடு சரி, அப்புறம் யாரும் பேசவில்லை. நான் பார்த்தவரை டிராஃப்டை விட அதுதான் வேலை செய்கிறது. ஏமாற்றியவர்கள் வாங்கிய அடியைப் பார்த்தாலே தெரியும். கார்ல்டன் வரம்பை மீறி மேசைக்குக் கீழே கொடுத்தது 2002இல் வெளியானது. 9,30,000 டாலர் அபராதம் என்பது சின்ன விஷயம். அதே வருடம் அவர்கள் வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடம், அதனால் முதல் இரண்டு பிக்கும் அவர்கள் கையில். இரண்டையும் பறித்தார்கள். பிரெண்டன் காடர்ட் செயின்ட் கில்டாவுக்கு, டேனியல் வெல்ஸ் நார்த்துக்கு. கார்ல்டன் எழுந்து நிற்க வருடங்கள் ஆயின. 1995க்குப் பிறகு கோப்பை இல்லை, இன்னும் இல்லை.

எங்கள் வீட்டுக் குப்பையும் உண்டு. கர்ட் டிப்பெட் ஒப்பந்தத்தில் வெளியே சொல்லாத ஒரு பக்க ஏற்பாடு வைத்து 2012இல் மாட்டினோம். மூன்று லட்சம் அபராதம், பிக்குகள் போயின, தலைமை நிர்வாகிக்குத் தடை, டிப்பெட்டுக்கு 11 ஆட்டத் தடை. அவரும் சிட்னிக்குப் போய்விட்டார்.

---

மாக்பை_மாமா எழுதியது:

வரம்பை மீறாமலே மூச்சுத் திணறலாம், அதை 2020இல் நாங்கள் காட்டினோம். ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தத்தைப் பின்வருடங்களில் கனமாக எழுதி வைத்தார்கள். எல்லாக் கனமும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. அடம் ட்ரெலோர், ஜெய்டின் ஸ்டீவன்சன், டொம் ஃபிலிப்ஸ், ஆட்டு போசெனவுலகி, ஒரே வாரத்தில் நாலு பேரைக் கழித்துவிட்டோம். ட்ரெலோருக்கு இன்னும் ஐந்து வருட ஒப்பந்தம் இருந்தது, போக விருப்பமே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் புல்டோக்ஸுக்குப் போனார். அவருக்கான சம்பளத்தில் ஒரு பகுதியை நாங்களே வருடாவருடம் கட்டினோம். எதிர் அணிக்கு ஆடும் ஆளுக்கு எங்கள் வரம்பிலிருந்து சம்பளம்!

சிவப்புப்பட்டை, உங்கள் முதல் கேள்விக்கு இதில்தான் என் பதில். "வீரரின் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது" என்பது காகிதத்தில். "உனக்கு இங்கே இடம் இல்லை" என்று பயிற்சியாளர் சொன்ன பிறகு எந்த வீரன் சம்மதிக்காமல் இருப்பான்? கழகம் தள்ளினால் அதற்குப் பெயர் பட்டியல் நிர்வாகம். வீரர் கிளம்பினால் துரோகமா?

---

சிவப்புப்பட்டை எழுதியது:

மாமா, ட்ரெலோர் விஷயத்தில் உங்கள் கிளப் செய்தது அநியாயம், அதில் நான் உங்கள் பக்கம். அதனால் எங்கள் கிளப்பும் கேப்டனைக் குறைந்த விலைக்கு விட்டிருக்கவேண்டும் என்றாகுமா? கேமரன் கதையைப் பாருங்கள். ஜெரமி கேமரன் 2020இல் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாக ஜீலாங்குக்குப் போகக் கேட்டார். அப்படி இருந்தும் ஜி.டபிள்யூ.எஸ். ஜீலாங் கொடுத்த சம்பளத்துக்குச் சமமாகத் தானும் தருகிறேன் என்று மறித்து, டிரேடுக்கு இழுத்து, மூன்று முதல் சுற்றுப் பிக்குகளை வாங்கியது. ஒப்பந்தமே இல்லாதவருக்கு அந்த விலை. இரண்டு வருடம் பாக்கி இருக்கும் கேப்டனுக்கு என்ன விலை? ஹாத்தோர்ன் அதைக் கொண்டுவரவில்லை. கர்னோவுக்குச் சிட்னி கொண்டுவந்தது, வில் ஹேவர்டையும் முதல் சுற்றுப் பிக்குகளையும் கொடுத்தது. அதனால் கார்ல்டன் விட்டது. விலை வந்தால் யாரும் போகலாம், வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துவிட்டுப் போகட்டும்.

---

பேர்த்_பருந்து எழுதியது:

விலை வந்தால் போகலாம் என்றால் ஒப்பந்த தர்மம் பற்றிய முதல் பதிவை அழித்துவிடுங்கள். அது பேரம். பேரம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

---

வெர்ரிபீ_புதுசு எழுதியது:

நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரு சொந்தக் கேள்வி. மகன் ஆஸ்கிக் (சிறுவர்களுக்கான கால்பந்துப் பயிற்சி) போகிறான், வயது எட்டு. அகாடமி என்று ஒன்று சொன்னீர்களே, அது நம் பிள்ளைகளுக்கும் உண்டா?

---

மழைக்காகம் எழுதியது:

உண்டு. உகல்-ஹேகன் வந்த அந்த அகாடமி பழங்குடிப் பிள்ளைகளுக்கும், பெற்றோரில் ஒருவர் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பிள்ளைகளுக்கும் ஆனது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு பகுதி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ பிறந்த அப்பாவோ அம்மாவோ இருந்தால் போதும், பிள்ளை இங்கே பிறந்திருந்தாலும். வெர்ரிபீ எந்தக் கிளப்பின் பகுதி என்று உங்கள் உள்ளூர் ஜூனியர் கிளப்பில் கேளுங்கள்.

அகாடமியில் இருந்தாலே அந்தக் கிளப் என்று ஆகிவிடாது. மாக் ஆண்ட்ரூ மெல்போர்ன் அகாடமியில் வளர்ந்தவர். 2021இல் கோல்ட் கோஸ்ட் ஐந்தாம் பிக்கில் எடுத்தது. அன்றைய விதிப்படி முதல் இருபதுக்குள் குரல் வந்தால் அகாடமிக் கிளப் ஈடுகட்ட முடியாது. அந்தத் தடையை இப்போது எடுத்துவிட்டார்கள்.

---

நீலவெள்ளை எழுதியது:

எட்டு வயதென்றால் டிராஃப்டுக்குப் பத்து வருடம். அதற்குள் இந்த விதிகளை எப்படியும் நான்கு முறை மாற்றிவிடுவார்கள். பையனைப் பந்தை இடது காலாலும் உதைக்கப் பழக்குங்கள்.